தலை தட்டி மூடின குழி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. கொல்லிமலை அன்னாசி பத்தி ஒரு மொக்கை போட்டுட்டு எஸ்கேப் ஆனவன் தான். "அடுத்த பகுதி எப்போ?"ன்னு கேட்ட ரெண்டு புண்ணியவான்களும் மன்னிக்கணும். இன்னிக்கு அன்னாசி இல்ல, பலா இல்ல, ஆகாய கங்கை படமும் இல்ல. குழி. குழாய் புதைக்க ரோட்டை வெட்டுறாங்கல்ல, அந்தக் குழி. வெட்டுறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, மூடுறதுல தான். கொஞ்சம் நீளமா, கொஞ்சம் கோவமா இருக்கும். பிடிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

மேட்டருக்கு வர்றேன்.

கொல்லிமலை மேல 14 ஊராட்சி. எல்லாமே 'நாடு'ன்னு தான் முடியும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு... அதுல ஒரு நாட்டுல என் மாமா (அம்மாவோட தம்பி) இருக்கார். எந்த நாடுன்னு சொல்ல மாட்டேன். காப்பி, மிளகு, கொஞ்சம் வாழை. போன ஐப்பசியில ஒருநாள் விடிகாலை, எக்ஸெல் வண்டியில ரெண்டு வாழைத்தாரைக் கட்டிக்கிட்டு சோளக்காடு சந்தைக்குக் கிளம்பினார். ராத்திரி நல்ல மழை. ரோட்டுக்குக் குறுக்கே ஆவணியில குழாய் போட்டு மூடின இடத்துல தண்ணி தேங்கிக் கிடந்திருக்கு. வெறும் தண்ணின்னு நினைச்சு உள்ள விட்டிருக்கார். முன் சக்கரம் இறங்கிடுச்சு. வண்டி ஒரு பக்கம், தாரு ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். தொடை எலும்பு முறிவு.

தொடை எலும்பு உடைஞ்ச மனுசனை மலையில இருந்து கீழ இறக்குறதுன்னா என்னன்னு தெரியுமா? சோளக்காட்டுல இருந்து காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. டூர் வர்ற பசங்க எண்ணி எண்ணி போட்டோ எடுத்துக்குற அதே 70 வளைவு தான். மாமாவும் எண்ணினாராம். நாப்பத்திரண்டுக்கு மேல எண்ண முடியலன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கால்ல கட்டோட படுத்துக்கிட்டு அவர் என்கிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன் மாப்ள, நீ சூப்ரவைசரா இருந்தப்போ நீயும் இப்படித்தான் மூடுனியா?"

நான் பதில் சொல்லல. அந்தப் பதில் தான் இந்தப் பதிவு.

ஆமா. நானும் அப்படித்தான் மூடினேன். 2000களோட நடுவுல, டிப்ளமோ முடிச்ச கையோட, ராசிபுரம் பக்கம் ஒரு குழாய் வேலையில காண்ட்ராக்டர் கிட்ட சம்பளத்துக்கு இருந்தேன். ஒரு மீட்டர் ஆழக் குழி. மதியம் குழாய் இறக்குவோம். நாலு மணிக்கு ஜேசிபி வரும். ஓரத்துல கிடக்குற மண்ணை லோடர் பக்கெட்டால ஒரே தள்ளா உள்ள தள்ளும். அப்புறம் பின்னாடி இருக்குற சின்ன பக்கெட்டைத் தூக்கி மேல நாலு தட்டு, 'டம் டம்'னு. அப்புறம் முன் பக்கெட்டைக் கவுத்து வச்சு ரிவர்ஸ்ல இழுத்தா சும்மா கேரம் போர்டு மாதிரி மட்டம். நான் சைட் டைரியில எழுதுவேன்: "20 செ.மீ. அடுக்குகளாக மண் இட்டு, நீர் தெளித்து, நன்கு இறுக்கப்பட்டது." நல்ல கையெழுத்து எனக்கு. அடுத்த மழைக்கு அந்தக் குழியில கரும்பு டிராக்டர் ஒண்ணு இறங்கி டிரெய்லர் சாஞ்சுது. யாருக்கும் அடிபடல. நாங்க டீக்கடையில உக்காந்து சிரிச்சோம்.

அதனால இது யாரோ ஒருத்தரைத் திட்டுற பதிவு இல்ல. சேர்த்து என்னையும் தான்.

இப்ப விஷயம் என்னன்னா, மட்டம் வேற, கெட்டி வேற. இது ரெண்டையும் ஒண்ணுன்னு நாம நம்பிட்டோம். எங்க மலையில அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். சாமை வாங்க வர்ற வியாபாரி படியைக் குலுக்கிக் குலுக்கி, இடிச்சு, அமுக்கி அளப்பான். அதே ஆளு உப்பு விக்கும்போது தளதளன்னு கொட்டி, மேல ஒரு தட்டு தட்டி, 'இந்தா ஒரு படி'ம்பான். ரெண்டும் பார்வைக்குத் தலைக்கு மட்டம் தான். உள்ள இருக்குற சரக்கு வேற. நம்ம ரோட்டுல நடக்குறது இந்த உப்பு வியாபாரம்.

ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்கு தான். 60 செ.மீ. அகலம், 1 மீட்டர் ஆழம், 100 மீட்டர் நீளம் குழி. வெட்டி எடுத்த மண் 60 கன மீட்டர். பூமிக்குள்ள கெட்டியா இருந்த மண்ணை வெளிய எடுத்தா உப்பிக்கும். மண்ணைப் பொறுத்து இருபது, முப்பது சதவீதம் கூடும். 75 கன மீட்டர்னு வைங்க. உள்ள போற குழாய் 90 மி.மீ. 100 மீட்டருக்கு அது அடைக்கிற இடம் 0.64 கன மீட்டர். முழுக் குழியில ஒரு சதவீதம்! அப்போ என்ன அர்த்தம்? ஒழுங்கா அமுக்கி மூடியிருந்தா, வெட்டின மண்ணு கிட்டத்தட்ட மொத்தமும் திரும்ப உள்ளயே போயிடணும். (அடியில மணல் பரப்பி இருந்தா அந்த அளவுக்கு மட்டும் மிச்சம் வரலாம்.) ஆனா மூடி முடிச்ச மறுநாள் போய்ப் பாருங்க. ரோட்டோரம் மண்ணு குவிஞ்சு கிடக்கும். பத்து கன மீட்டர் மிச்சம்னா மூணரை யூனிட். அந்தக் குவியல் தான் சாட்சி. குழிக்குள்ள இருக்க வேண்டிய மண்ணு வெளிய இருக்கு, அதுக்குப் பதிலா உள்ள காத்து இருக்கு. ஒரு மீட்டர் ஆழத்துல பத்துல ஒரு பங்கு காத்துன்னா, அது வெளியேறுறப்போ 10 செ.மீ. இறங்கும். எக்ஸெல் சக்கரத்துக்கு 10 செ.மீ. தாராளம்.

இது ஏதோ ராக்கெட் விஞ்ஞானமும் இல்ல. ரால்ஃப் ப்ராக்டர்னு ஒரு எஞ்சினியர், லாஸ் ஏஞ்சலிஸ் தண்ணி இலாகாவுல மண் அணை கட்டுற வேலையில இருந்தவர், 1933லயே எழுதி வச்சுட்டார். மண்ணு கெட்டிப்பட மூணு விஷயம் வேணும்: சரியான ஈரம், மெல்லிய அடுக்கு, போதுமான அடி. நம்ம ஐ.எஸ். 2720 பகுதி 7ம் அதே சோதனை தான். 2.6 கிலோ எடையை 310 மி.மீ. உயரத்துல இருந்து, மூணு அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. அந்த ஈரத்தை நான் சைட்ல கத்துக்கிட்டது ஒரு வயசான மேஸ்திரி கிட்ட. "புட்டு மாவு பதம் தம்பி. புடிச்சா நிக்கணும், தட்டுனா உதிரணும்." ப்ராக்டர் கேட்டிருந்தா அவரைக் கட்டிப் பிடிச்சிருப்பார்.

அடுக்கு தான் முக்கியம். ஒரு மீட்டர் மண்ணை ஒரே மூச்சுல கொட்டிட்டு மேல எவ்வளவு தட்டினாலும், அந்த அடி மேல ஒரு ஜாண் வரைக்கும் தான் இறங்கும். அடியில இருக்குற முக்கால் மீட்டருக்கு மேல கச்சேரி நடக்குறதே தெரியாது. அதனால தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட விவரக்குறிப்புல இறுகின அடுக்கு 200 மி.மீ.க்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு. தார்ரோட்டுக்கு நேர் கீழ இருக்குற மண்ணுக்கு 97 சதவீத இறுக்கம் கேக்குறாங்க. அது பெரிய ரோட்டுக்கு எழுதினது, எங்க நாட்டு ரோட்டுக்கு அவ்வளவு வேணாம்னு வாதாடலாம். சரி, 90 குடுங்களேன். மாமாவோட தொடை தப்பிச்சிருக்கும்.

இப்ப எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். மலையில எங்க பார்த்தாலும் ஜேசிபி. (ஜேசிபிங்குறது ஒரு கம்பெனி பேரு, பொக்லைன்ங்குறதும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி பேரு. நமக்கு எல்லா மஞ்சள் வண்டியும் ஜேசிபி, சங்கிலி போட்டது எல்லாம் பொக்லைன்.) அந்த வண்டிக்கு பிரேக்கர் மாட்டுறாங்களா, இல்லையா? பாறையைத் துளைச்சு உடைக்கிற அந்த ஊசி மூக்கு. சின்னச் சின்ன முதலாளி கூட கடன் வாங்கியாவது பிரேக்கர் வச்சிருக்கார். ஏன்? பிரேக்கர் போட்டா மணி வாடகை கூட.

அந்த பிரேக்கருக்கு எண்ணெய் போற அதே ஹைட்ராலிக் லைன்ல, அதே கையில, அமுக்குற தட்டு ஒண்ணு மாட்டலாம். உள்ள ஒரு மோட்டார், ஒரு பக்கம் கனமான ஒரு சுத்து எடை, நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் தடவை கிட்ட அதிரும். எண்ணெய் அளவும் அழுத்தமும் அதுக்குத் தக்கன மாத்தி வைக்கணும், அவ்வளவு தான். தட்டு குழி அகலத்துக்கே வரும். ஓட்டுறவர் சீட்ல இருந்தபடியே தட்டைக் குழிக்குள்ள இறக்கி, ஒரு அடுக்கு அமுக்கி, தூக்கி, அடுத்த அடுக்கு மண்ணு தள்ளி, திரும்ப அமுக்கலாம். உலகம் பூரா பண்றாங்க. இங்க? உடைக்கிறதுக்கு மாட்டுவோம், அமுக்குறதுக்கு மாட்ட மாட்டோம். நான் பார்த்த எஸ்டிமேட்டுல எல்லாம் தோண்டுறதும் மூடுறதும் ஒரே வரி, ஒரே ரேட். தோண்டினது கண்ணுக்குத் தெரியும், டேப் வச்சு அளக்கலாம். அமுக்கினதை யார் அளந்தா?

அதுவும் எங்க மலையோட செம்மண்ணுல களி ஜாஸ்தி. அதிர்வு மணலுக்கும் சரளைக்கும் தான் ரொம்பப் பிடிக்கும். களி மண்ணைப் பிசையணும். அதுக்கு அதிர்ற தட்டை விட பல்லு வச்ச சக்கரம் தான் ராஜா. வண்டியோட கையில பக்கெட்டைக் கழட்டிட்டு, கனமான ஒரு இரும்புச் சக்கரம், சுத்தியும் ஆட்டுக்கால் மாதிரி முட்டு முட்டா பல்லு. அதைக் குழிக்குள்ள அழுத்தி முன்னும் பின்னும் உருட்டினா போதும். மோட்டார் கிடையாது, ஹைட்ராலிக் குழாய் கிடையாது, ரிப்பேர் ஆக ஒண்ணுமே கிடையாது. ஒரு அச்சு, ஒரு பேரிங், நல்ல வெல்டிங்.

வெல்டிங்னு சொல்லும்போது தான் எனக்கு வயிறு எரியுது. மலையை விட்டு இறங்கினா நாமக்கல். இந்தியா பூரா ஓடுற லாரிக்கு பாடி கட்டுற ஊர். கொஞ்சம் தள்ளி திருச்செங்கோடு. ஆயிரம் அடிக்குப் போர் போடுற ரிக் வண்டி கட்டி, ஆப்பிரிக்கா வரைக்கும் ஏத்தி அனுப்புற ஊர். அப்பேர்ப்பட்ட மாவட்டத்துல, ஒரு சக்கரத்துல பல்லு வச்சுப் பத்த வைக்க ஆள் இல்லையா? முடியாம இல்ல. யாரும் கேக்கல. கேக்காததுக்குக் காரணம், அமுக்கினதுக்குக் காசு கிடையாது.

"தண்ணி ஊத்தி விட்டா தானா செட் ஆயிடும்"னு சைட்ல ஒரு வேதவாக்கு உண்டு. வெறும் மணலா இருந்தா ஓரளவு ஆகும். களி மண்ணுல ஊத்தினா சேறு தான் ஆகும், காஞ்சதும் வெடிக்கும். "வண்டி ஓட ஓட அமுங்கிடும்"னு இன்னொண்ணு. அமுங்கும் தான். அமுக்குறது யாரு? என் மாமாவோட எக்ஸெல்லு, ஸ்கூல் பசங்க வர்ற பஸ்ஸு. அதாவது காண்ட்ராக்டர் செய்ய வேண்டிய வேலையை பாதசாரி செய்யணும், கூலி இல்லாம. இன்னும் சிலர் அமுங்கும்னு தெரிஞ்சே மேல ஒரு மேடு விட்டுட்டுப் போவாங்க. அமுங்குற வரைக்கும் அது ஸ்பீடு பிரேக்கர், அமுங்கினப்புறம் பள்ளம். ரெண்டுலயும் விழலாம், சாய்ஸ் உங்களுது.

சமவெளியில இந்தக் கூத்து பள்ளத்தோட முடிஞ்சுடும். மலையில முடியாது. இங்க ரோடே சரிவு. சரிவுல நீளமா ஒரு குழி வெட்டி, அதுல பொலபொலன்னு மண்ணைக் கொட்டி வச்சா, அது மூடின குழி இல்ல, மேல மண்ணு போர்த்தின வாய்க்கால். மழைத் தண்ணி ரெண்டு பக்கமும் இருக்குற கெட்டி மண்ணுக்குள்ள போகாது. இந்த இளகின வழியில தான் இறங்கும். குழாயை ஒட்டியே கீழ ஓடும், போகும்போது நைசான மண்ணைக் கூடவே கூட்டிட்டுப் போகும். மேல தார் அப்படியே இருக்கும், அடியில பொந்து. அப்புறம் ஒருநாள் பால் வண்டியோ ஆம்புலன்சோ அதுமேல போகும். சரிவுல குழாய் போடுறவங்க, குழிக்குள்ள கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடுப்பு, களிமண்ணோ கல்லுக்கட்டோ வச்சு, தண்ணி ஓட்டத்தை அறுத்து விடணும். எங்க பக்கம் அப்படி ஒண்ணை இதுவரைக்கும் நான் பார்த்ததில்ல.

2017 ஏப்ரல் 9ஆம் தேதி சென்னை அண்ணா சாலையில திடீர்னு பள்ளம் விழுந்து ஒரு மாநகரப் பஸ்ஸும் ஒரு காரும் இறங்குச்சே, ஞாபகம் இருக்கா? அது மெட்ரோ சுரங்க வேலை, கதை வேற, ஒத்துக்குறேன். ஆனா எல்லா டிவியிலயும் வந்துச்சு. எங்க ஊர்ல ஒரு எக்ஸெல் இறங்கினா வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல கூட வராது.

"ஜேசிபிக்கு எதுக்கு இதெல்லாம், ஆளை இறக்கி திமிசு போட்டா போதாதா?"ன்னு கேக்கலாம். ஒரு காலத்துல அப்படித்தான். திமிசுக்கட்டையைத் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டு தோள்பட்டை கழண்ட மனுசங்க எங்க குடும்பத்துலயே உண்டு. இப்ப கையில பிடிச்சு குதிக்கிற மெஷின் இருக்கு. ஆழம் கம்மின்னா தாராளமா இறக்கலாம். ஆனா ஆழமான குழிக்குள்ள, அதுவும் மலைச் சரிவுல, ஆளை இறக்குறதுல எனக்கு சம்மதம் இல்ல. 2024 பிப்ரவரி 7ஆம் தேதி ஊட்டி பக்கம் லவ்டேல்ல வீடு கட்டுற இடத்துல மண்ணு தோண்டும்போது பக்கத்துக் கட்டடம் சரிஞ்சு ஆறு பெண்கள் செத்துப் போனாங்க. கூலிக்கு வந்தவங்க. அது குழாய்க் குழி இல்ல. ஆனா மலைச் சரிவுல வெட்டின பள்ளத்துக்குப் பக்கத்துல நிக்கிற மனுச உடம்பு எல்லா இடத்துலயும் ஒண்ணு தான். மெஷின் கையில தட்டையோ சக்கரத்தையோ மாட்டினா, குழிக்குள்ள ஒருத்தரும் நிக்க வேண்டியதில்ல. எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஓட்டுற தம்பியைத் திட்டாதீங்க. மணிக் கணக்குல ஓடுறவர். கையில இருக்குறது பக்கெட்டு, சொன்னது 'மூடு'. மூடுறார். பக்கெட்டால தட்டித் தட்டி முள்ளு, புஷ்ஷு எல்லாம் தேஞ்சு போச்சுன்னு முதலாளி கிட்ட திட்டு வாங்குறதும் அவர் தான்.

ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15ல அறிவிச்சாங்க, வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 2024ல முடியணும்னாங்க, 2025 பட்ஜெட்ல 2028 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. நல்ல திட்டம். ஊத்துக்கும் வீட்டுக்கும் குடம் சுமந்த பொம்பளைங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், குழாய் வேணாம்னு சொல்ல வாய் வருமா? ஆனா இன்னும் எத்தனையோ ஊர் ரோடு வெட்டுப்படப் போகுது. மூடுறதுக்குன்னு தனி வரி, தனி ரேட் போடுங்க. நாலு இடத்துல சின்னக் குழி பறிச்சு மணல் ஊத்தி எடை பார்க்கிற சோதனை பண்ணுங்க (ஐ.எஸ். 2720 பகுதி 28, ஒண்ணும் பெரிய செலவு இல்ல). ஒரு ஐப்பசி தாண்டின பிறகு கடைசி பில்லைக் குடுங்க. காசு வருதுன்னு தெரிஞ்சா அடுத்த மாசமே நாமக்கல் பட்டறை வாசல்ல பல்லுச் சக்கரம் வரிசையா நிக்கும்.

அது வரைக்கும் நாம என்ன பண்றது? 12 மில்லி கம்பி ஒண்ணு, நாலடி. முனையைக் கூராக்கி, ரெண்டடியில பெயிண்ட்டால ஒரு கோடு. மூடின குழியில ரெண்டு கையால அமுக்கிப் பாருங்க. கல்லுல பட்டா நிக்கும், அதனால நாலு இடத்துல. கோட்டுக்கு மேல போகாதீங்க, கீழ குழாய் இருக்கு. கேபிள் குழியில தயவுசெஞ்சு குத்தாதீங்க, கரண்ட் இருக்கும். ஒழுங்கா அமுக்கின மண்ணுல கை வலிக்கும், கம்பி நாலு விரக்கடைக்கு மேல போகாது. கேக்குறதுக்கு கிராம சபை இருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருசத்துக்கு ஆறு தடவை.

மாமா இப்ப கைத்தடியோட நடக்கிறார். போன வாரம் மேல போனப்போ அந்தக் கம்பி ஒண்ணைக் குடுத்துட்டு, அவர் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிட்டு வந்தேன். ஒண்ணும் பேசல. கம்பியை வாங்கி, கைத்தடியைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு, அதை ஊனிக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்து பார்த்தார். நேத்து ராத்திரி போன்.

"மாப்ள, பள்ளிக்கூடத்து முக்குல கோடு வரைக்கும் போவுது. அதுவும் ஒத்தக் கையில."

டிஸ்கி: அன்னாசி ரெண்டாம் பகுதி கண்டிப்பா வரும். எப்போன்னு மட்டும் கேக்காதீங்க :-)